மூன்றாம் ஓலை

சந்தேகப்படுகிறவன்தான் உண்மையாக நேசிக்கிறவன் என்று முதன்முதலில் எவன் கிளப்பிவிட்டானோ, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். எங்கள் கோயில் பங்கில் இதை எனக்குச் சொல்லாத பெண்களே இல்லை. சித்தி சொன்னாள். கூட வேலை பார்க்கும் டீச்சர் சொன்னாள். பூசை முடிந்து வெளியே வரும்போது முன்பின் பழக்கமில்லாத ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "உன் மேல உசுரையே வெச்சிருக்கான்மா, அதான் இப்படி." உயிரை வைத்திருக்கிறவன் சாப்பிட்டாயா என்று கேட்கட்டும், தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் உட்காருவது ஆணா பெண்ணா என்று அவனுக்கு எதற்கு?

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுது என்றார்கள். எனக்கு ஆறவில்லை. ஆறினால் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு "பாவம் அவன்" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பயத்தில்தான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா எல்.கே.ஜி. டீச்சர், சித்தப்பா ஹெட்மாஸ்டர். எங்கள் வீட்டில் யாராவது இருமினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவிடும். தலைமுறை தலைமுறையாக ஒரே பங்கு, ஒரே கோயில். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில்தான்.

நான் கட்டிக்கொள்ள இருந்த அவனும் அதே பங்கு. தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டு செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம், பேசினதில்லை. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு டீச்சர்கள் எல்லாரும் ஒரே மாதிரி புடவை எடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. பதினைந்து இருபது டீச்சர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே கலரில் சம்மதிக்க வைப்பதற்குப் பதில் பாராளுமன்றத்தையே நடத்திவிடலாம். அந்த வேலையை அந்த வருடம் என் தலையில் கட்டினார்கள். அவன் கடைக்குத்தான் போனோம். சாயங்காலம் வரைக்கும் புடவையைப் பிரித்துப் பிரித்துப் போட்டான். முகம் சுளிக்கவில்லை. கடைசியில் நாங்கள் முதலில் பார்த்த புடவைக்கே திரும்பி வந்தபோது எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். "டீச்சர், நீங்க நம்ம கோயில்தானே?" என்று அப்போதுதான் கேட்டான். பிடித்துப்போய்விட்டது. ஒரு மனுஷனைப் பிடிக்கப் பெரிய காரணம் எல்லாம் வேண்டியதில்லை.

நல்லவன் இல்லை என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைக்கு லீவு சொல்லிவிட்டு வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தவன் அவன். ஒரு மழையில் லஸ் முனையில் என் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் மந்தைவெளி வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். "நீ ஓரமா நட, குழி கிழி இருக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஈரத் தலையோடு அம்மாவிடம் சொன்னேன், கட்டினால் இவனைத்தான் என்று. அதனால்தான் இவ்வளவு கோபம். பிடிக்காதவன் மேல் யாருக்காவது இவ்வளவு கோபம் வருமா?

ஆனால் அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. "இந்தச் சட்டை உனக்கு நல்லா இருக்கு" என்றால், "சும்மா சொல்லாத" என்பான். சொல்லாமல் இருந்தால், "சட்டையைப் பாக்கவே இல்ல பாத்தியா" என்பான். புதுச் சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தேன். "ஏன், இப்ப போட்டுக்கினு கீறது பாக்க கேவலமா இருக்கா?" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்தச் சட்டையை அவன் போட்டு நான் பார்த்ததே இல்லை.

ஒரு தடவை பெசன்ட் நகர் பீச்சில் உட்கார்ந்திருந்தோம். அவனே சொன்னான். "எங்க கடைல ஒரு நாளைக்கு எத்தினி பேரு வராங்க தெரியுமா? மொத்தமும் பிரிச்சுப் போடச் சொல்லுவாங்க, தோள்ல போட்டுப் பாப்பாங்க, கண்ணாடில பாப்பாங்க, நல்லா இருக்குன்னுவாங்க. அப்புறம் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்ருவாங்க. அதான் எனக்கு எப்பவும் பயம்." எனக்கு நெஞ்சே இளகிவிட்டது. "நான் புடவை எடுக்க வந்தவ இல்ல" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் அழுதான், நானும் அழுதேன். அந்த அழுகையில் எல்லாம் கரைந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் போன் வருகிறது: "நேத்து வீட்டுக்குப் போனப்புறம் ரொம்ப நேரம் ஆன்லைன்ல இருந்த. யார்கிட்ட பேசின?"

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்களிடம், ஐயா. மாதிரித் தேர்வு மதிப்பெண் கேட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று கண்ணால் பார்த்தேன். அவனுடைய அண்ணன் கனடாவில் என்ஜினீயர். அவன் அம்மாவுக்கு அந்த வீட்டில் ஒரு பிள்ளைதான், அது கனடாவில் இருக்கிறது. எங்கள் உறவு சனம் அத்தனையும் உட்கார்ந்திருக்கும்போது, காபி டம்ளரை வைத்துவிட்டு அந்த அம்மா என் அம்மாவிடம் சொன்னார்: "எங்க பெரியவனுக்குக்கூட டீச்சர் பொண்ணு அமையல. இவனுக்குப் போய் அமைஞ்சிருக்கு பாருங்க. நான்கூட நெனச்சேன், பொண்ணுக்கு ஏதாச்சும் கொறை கிறை இருக்குமோன்னு." சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவனைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். முப்பத்து மூன்று வயது ஆம்பளை. பெற்றவளே சபையில் வைத்து இவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்கிறாள், இவன் ஆமாம் போடுகிறான். அன்றைக்கு அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். என் அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

எங்கள் ஆட்களில் கல்யாணம் என்றால் ஓலை வாசிக்க வேண்டும். பனை ஓலை எல்லாம் எந்தக் காலத்திலோ போய்விட்டது, கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான். பெயர் மட்டும் ஓலை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார்கள். மூன்று ஓலையும் வாசித்தாயிற்று என்றால் ஊர் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். அப்புறம் யாரும் எதுவும் பேசக்கூடாது.

முதல் ஓலை வாசித்த அன்றைக்கு எனக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. என் பெயரை மைக்கில் கேட்டதும் பின் பெஞ்சிலிருந்து என் பழைய மாணவிகள் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. அன்று பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகத்தை அப்பா வாசித்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவர்தான் வாசிப்பார். ரிட்டயரான மனுஷனுக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்த வகுப்பு. சனிக்கிழமையே சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு மாட்டிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை பங்குச் சாமியாரிடமிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. கொஞ்சம் நேரில் வர முடியுமா என்று. போய்விட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, சாமி என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டார்.

"யாரோ போன் பண்ணியிருக்கான். பேரு சொல்லல. மாப்பிள்ளைக்கு வடபழனில ஒரு பொண்ணோட தொடுப்பு இருக்குதாம். பஸ் டெப்போவுக்குப் பின்னால வீடு எடுத்து வெச்சிருக்கானாம். ஓலையை நிறுத்துங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டானாம்."

அரைமணி நேரத்தில் சித்தப்பா வந்துவிட்டார். எங்கள் வீட்டில் கெட்ட செய்திக்கு மட்டும் டிராஃபிக் ஜாம் கிடையாது. "நெருப்பில்லாம புகையுமா? நிறுத்திடுவோம். ஓலை வாசிக்கறதே இதுக்குத்தான்" என்றார். அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அழ ஆரம்பித்தார். நான் உள்ளே போய் அவனுக்கு போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். யாருடா இப்படிச் சொன்னவன் என்று கத்துவான், அழுவான், உடனே கிளம்பி வருகிறேன் என்பான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் கேட்டது ஒன்றுதான். "நீ இன்னா நெனைக்கிற?"

மூச்சு விட்டுக்கொண்டேன். "நான் நம்பல" என்றேன்.

"ஏன் நம்பல?"

"ஏன்னா எனக்கு உன்னைத் தெரியும்."

"சரி" என்றான். வைத்துவிட்டான். மனசு உடைந்துபோய்ப் பேச முடியாமல் வைத்துவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

அடுத்த நாட்களில் நான் போட்ட சண்டை எனக்குத்தான் தெரியும். சித்தப்பாவை எதிர்த்துப் பேசினேன். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவரை எதிர்த்து யாரும் பேசினதில்லை. சாமியாரிடம் நானே போய் நின்றேன். "ஃபாதர், பேரு சொல்லத் தைரியம் இல்லாதவன் பேச்சைக் கேட்டு ஓலையை நிறுத்துவீங்களா? அந்த வீடு எங்க இருக்குன்னு போய்ப் பாருங்க. இருந்தா நானே நிறுத்தறேன்." அவர் நியாயமான மனுஷன். கோயிலில் அவருக்கு உதவியாக இருக்கும் வயதான உபதேசியாரை வடபழனிக்கு அனுப்பினார். அவர் டெப்போவுக்குப் பின்னால் இருந்த தெரு தெருவாக வெயிலில் அலைந்து விசாரித்துவிட்டு, அப்படி ஒரு பெண்ணும் இல்லை, வீடும் இல்லை என்று வந்து சொன்னார்.

அதற்குள் விஷயம் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை சொல்லி முடித்த கையோடு எங்கள் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். என் வகுப்பில் ஒரு பெண் இன்னொருத்தியின் காதில் ஏதோ சொல்ல, அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது அப்பாவைத்தான். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் அவரிடம், "இந்த வாரம் வாசகத்துக்கு வேற ஆளப் போட்டுக்கலாமா சார், உங்களுக்கும் மனசு சரியில்லாத நேரம்" என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த ஞாயிறு கஞ்சி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் வாசிக்க வேண்டியதை வேறொருவர் தப்பும் தவறுமாக வாசித்தார். ஒவ்வொரு தப்புக்கும் அப்பாவின் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்கு இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கோட்டூர்புரம் நூலகத்துக்கு வரச் சொன்னான். நான் அடிக்கடி போகும் இடம், வாசல் படிகளில்தான் பல தடவை உட்கார்ந்து பேசியிருக்கிறோம். அன்று அவன் முகமே வேறு மாதிரி இருந்தது. தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எனக்காகத் தி.நகரிலிருந்து அல்வா வாங்கி வந்திருந்தான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சுக்க மாட்டல்ல?"

"சொல்லு."

"அந்த போன் கீதுல்ல, ஃபாதருக்கு வந்தது... அது நான்தான் பண்ணச் சொன்னேன். எங்க கடைல என் ஃபிரண்டு ஒருத்தன் இருக்கான்ல, அவன் பேசினான்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அல்வா கையில் இருக்கிறது. அவன் கண் கலங்க, சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டு போகிறான். "ஓலை வாசிச்சப்போ தடை இருந்தா சொல்லுங்கன்னு சொன்னாங்க பாரு, அப்பத்தான் தோணுச்சு. யாராச்சும் என்னப் பத்தித் தப்பா சொன்னா நீ இன்னா பண்ணுவ, விட்டுட்டுப் போய்ருவியா, இல்ல நிப்பியான்னு. நீ நின்னுட்ட. உங்க சித்தப்பாகிட்டயே சண்ட போட்டியாமே! எனக்காக எவளும் இப்டி... எங்க அம்மாகூட நின்னதில்ல எனக்காக. இப்பத்தான் எனக்கு நம்பிக்க வந்துச்சு. சத்தியமா சொல்றேன், இனிமே உன்ன ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்து கொடுப்பதுபோல அதைச் சொன்னான். நான் பாஸ் ஆகிவிட்டேனாம்.

"எங்க அப்பா கடைசி பெஞ்சில உக்காந்தாரே, அதைப் பாத்தியா?" என்றேன்.

"அது... அவருகிட்ட நான் சாரி கேட்டுக்கறேன்."

"எங்க அம்மா ஒரு வாரமா சரியா சாப்பிடல. உபதேசியார் அந்த வயசில வெயில்ல அலைஞ்சாரு. ஊரே எங்களைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுச்சு. நீ பாத்துக்கிட்டு இருந்த. போன்ல ‘நீ இன்னா நெனைக்கிற’ன்னு கேட்ட. நான் அழுதுக்கிட்டே பேசறேன், நீ மார்க் போட்டுக்கிட்டு இருந்திருக்க!"

"தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா என் நெலமைல இருந்து பாரு. நான் இன்னா படிச்சேன்? இன்னா சம்பாரிக்கிறேன்? உனக்கு இன்னா தலையெழுத்து என்னக் கட்டிக்கணும்னு? எனக்குத் தெரிஞ்சுக்க வேணாமா?"

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல!"

"வாயால யார் வேணா சொல்லலாம்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பேய் இல்லாத இடத்தில் இவன் ஒரு ஆளைப் பிடித்துப் பேய் வேஷம் போட்டு நிற்க வைத்திருக்கிறான், நான் பயப்படுகிறேனா என்று பார்ப்பதற்கு. அப்போதுகூட, இந்தக் கூறுகெட்ட மனசு, "சரி, இதோடு முடிந்ததே, இனிமேல் நம்புவான்" என்று ஒரு மூலையில் சமாதானம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கையிலிருந்த அல்வாவை மறுபடி மடித்துக் கட்டினேன். அதை அவன் என்னவாக எடுத்துக்கொண்டானோ தெரியவில்லை. தவளை தன் வாயால் கெடும். மெதுவாகக் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்குப் போன்ல, ‘நம்பல’ன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேசாம இருந்தியே. அது ஏன்?"

படியிலிருந்து எழுந்துவிட்டேன். அந்த ஒரு மூச்சு. என் அம்மா அடுத்த அறையில் அழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொள்ள நான் விட்ட மூச்சு. அதை அவன் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான். நூறு வாங்கினாலும் அந்த ஒரு மார்க் எங்கே போயிற்று என்று கேட்கிற ஆள். இன்னும் பத்து வருஷம் கழித்து, பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும் ஒரு நாளிலும் இவன் அந்த மூச்சைப் பற்றிக் கேட்பான் என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அல்வாவை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் சொன்னார்: "பாவம்மா, தன் மேலயே நம்பிக்கை இல்லாத பிள்ளை. கல்யாணம் ஆனா சரியாயிடும்."

கல்யாணம் ஆனால் சரியாகிவிடுமாம்! குடிக்கிறவனுக்கும் இந்த மருந்துதான், அடிக்கிறவனுக்கும் இந்த மருந்துதான், இவனுக்கும் இதே மருந்துதான். பெண்ணை அரைத்துக் கொடுத்தால் எல்லா வியாதியும் தீரும் என்று இந்த ஊரில் எவன் எழுதி வைத்தான்? அவன் தன்னை மதிக்கவில்லை, அது அவன் துக்கம், எனக்குப் புரிகிறது. ஆனால் தன்னை மதிக்காதவன் தன்னைத் தேர்ந்தெடுத்தவளையும் சேர்த்துத்தான் மதிக்காமல் இருக்கிறான். இந்த அற்பனைப் பிடித்திருக்கிறது என்கிறாளே, இவள் ஒன்று பொய் சொல்கிறாள், இல்லை இவளிடம் ஏதோ கோளாறு. அவன் அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னதைத்தான் இவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். தன்னைத் தாழ்த்திக்கொள்கிறவனை அடக்கமானவன் என்று நாம் கொண்டாடுகிறோம். அவன் பக்கத்தில் நிற்கிறவளும் சேர்ந்து தாழ வேண்டியிருக்கிறதே, அதை யார் கேட்பது?

சித்தப்பா வந்தார். அவர்தானே முதலில் நிறுத்தச் சொன்னவர்? இப்போது, "பத்திரிகை அடிச்சாச்சு, மண்டபம் பேசியாச்சு, மூணாவது ஓலையும் வாசிச்சுட்டா பேச்சு அடங்கிடும்" என்றார். கெட்டவன் என்றால் நிறுத்தலாம், நம்பாதவன் என்றால் நிறுத்தக்கூடாது என்பது அவர் கணக்கு. கடைசியில் அப்பா என் பக்கம் திரும்பி, "உனக்கு முடியுமாம்மா?" என்று கேட்டார். வேண்டுமா என்று கேட்கவில்லை, முடியுமா என்று கேட்டார். "முடியாதுப்பா" என்றேன்.

ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போதே பீடத்தை ஒட்டிய சக்ரீஸ்து அறைக்குப் போய்விட்டேன். சாமியார் பூசை உடுப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், மூணாவது ஓலை வாசிக்க வேணாம்."

"ஏம்மா? அதான் விசாரிச்சாச்சே. என்ன தடை?"

நடந்ததைச் சொன்னேன். உடுப்பின் கயிற்றைக் கையில் பிடித்தபடியே கேட்டார். பிறகு, "ரொம்பத் தப்புதான். ஆனா மகளே, நம்பிக்கை இல்லைங்கறது திருச்சபைச் சட்டத்துல தடை இல்லையேம்மா" என்றார்.

"சட்டத்துல இல்லன்னா சேத்துக்கச் சொல்லி எழுதுங்க ஃபாதர்."

"கோபத்துல முடிவெடுக்காத. கொஞ்சம் பொறுமையா ஜெபம் பண்ணு."

"ஜெபம் பண்ணிட்டுத்தான் கோபமா வந்திருக்கேன். நீங்க வாசிச்சீங்கன்னா நான் பெஞ்சிலேர்ந்து எழுந்து நின்னு சொல்லுவேன். எனக்குச் சத்தமாப் பேசத் தெரியும், தினமும் அறுபது பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன்."

அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை மடித்து மேஜை மேல் வைத்தார்.

பூசையில் அறிவிப்பு நேரம் வந்தது. வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை. கோயில் முழுக்க ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. யாரோ ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன், அவர்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

பூசை முடிந்து ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தபோது அவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். அழுவான் என்று நினைத்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஊர் பார்க்கக் கத்துவான் என்று நினைத்தேன். கத்தட்டும், நானும் கத்தலாம், அந்தப் பத்து நாள் நெருப்பையும் அவன் தலையில் கொட்டலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒருவேளை அவன் என் கையைப் பிடித்து, போகாதே, வா பேசலாம் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ, அது எனக்கே தெரியாது.

அவன் கத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றான். "கடைசில நீ போய்ருவேன்னு மொத நாள்லேர்ந்தே தெரியும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதங்களில் நான் எத்தனையோ விதமாகச் சொல்லியும், கெஞ்சியும், சண்டை போட்டும் ஒரு தடவைகூட அந்த முகத்தில் வராத ஒன்று அன்றைக்கு வந்திருந்தது. நிம்மதி. ஃபெயிலாகிவிடுவேன் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த பையன், ஃபெயிலானதும் "நான்தான் சொன்னேனே மிஸ்" என்று வந்து நிற்பான் பாருங்கள், அந்த முகம். மழையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவன் இவன்தானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை. அவன் திரும்பி நடந்து போய்விட்டான்.

அவன் போன் செய்யச் சொன்னதைக்கூட என்றைக்காவது ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. இதை முடியாது. உன்னோடு இருக்கிறேன் என்று நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அத்தாட்சி கேட்டவன், போகிறேன் என்றதும் அப்படியே நம்பிவிட்டான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.